விவாகரத்து முடியும்வரை எங்கே இருப்பது? வேலூரில் நான்கு வழிகளும் அவற்றின் செலவும்

போன தை மாதத்திலிருந்து மூன்று பெண்கள் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருத்தி கூட வேலை செய்பவளின் தங்கை, ஒருவர் மகளின் பள்ளி வாசலில் பார்க்கும் அம்மா, இன்னொருத்தி எங்கள் தெருக்கோடியில் தையல் கடை வைத்திருப்பவள். "அக்கா, வக்கீலைப் பாத்தாச்சு. இப்ப எங்க இருக்கறது? அம்மா வீட்டுக்குப் போறதா, தனியா வீடு பாக்கறதா, இல்ல இங்கியே பல்லைக் கடிச்சிக்கினு இருக்கறதா?"

மூன்று பேருக்கும் மூன்று விதமாகப் பதில் சொன்னேன். அவர்கள் நிலைமை அப்படி. ஆனால் சொல்லும்போது மனசுக்குள் ஓடிய கணக்கு ஒன்றுதான், அதை இங்கே எழுதிவிடுகிறேன். நான் மகளோடு முதலில் குடியாத்தத்தில் அம்மா வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன், அப்புறம் தொரப்பாடியில் வாடகை வீடு. மனு போட்டதிலிருந்து தீர்ப்பு வர எனக்கு 19 மாதம் ஆனது. மண்டி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன், அப்போது கைக்கு வந்த சம்பளம் 19,000 ரூபாய்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. கோர்ட்டில் வரப்போகிற பணத்தை வைத்து வீட்டை முடிவு பண்ணாதீர்கள். வழக்கு முடியும்வரை செலவுக்குப் பணம் கேட்கும் இடைக்கால ஜீவனாம்ச மனுவை 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போகும். இந்த மாதச் சம்பளமும் இன்று கையில் இருப்பதும் ஒன்றரை வருஷம் எந்த இடத்தைத் தாங்குமோ, அந்த இடத்தைப் பாருங்கள். ஜீவனாம்சம் வந்தால் அது மேலே வந்ததாக இருக்கட்டும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் பாதுகாப்பு. அடி உதை, மிரட்டல் இருந்தால் இந்த ஒப்பீடே உங்களுக்கு இல்லை, அன்றைக்கே கிளம்புங்கள். 181 என்ற மகளிர் உதவி எண் இரவு பகல் எடுப்பார்கள், அவசரத்துக்குத் தங்க இடமும் அவர்கள் வழியாகக் கேட்கலாம்.

அது இல்லையென்றால் ஐந்து விஷயம். ஆரம்பத்தில் கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு, மாதாமாதம் எவ்வளவு, பிள்ளையின் பள்ளியும் உங்கள் வேலையும் எவ்வளவு தூரம், வழக்குக்கு அந்த இடம் உதவுமா இடைஞ்சலா, உங்கள் பெயரில் ஒரு முகவரி கிடைக்குமா. கடைசி இரண்டையும் பலர் யோசிப்பதே இல்லை.

முகவரி ஏன் முக்கியம் என்றால், ரேஷன் அட்டை, கேஸ், ஆதார் திருத்தம், பள்ளிச் சேர்க்கை எல்லாமே அதில் தொங்குகிறது. வழக்கைப் பொறுத்தவரை, 2003-ல் இந்து திருமணச் சட்டத்தில் வந்த திருத்தத்துக்குப் பிறகு மனைவி தான் வசிக்கும் ஊருக்கான நீதிமன்றத்திலேயே மனு போடலாம். நீங்கள் எங்கே குடியேறுகிறீர்களோ அதுவே எந்தக் கோர்ட்டுக்கு நடக்கப் போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்யலாம். 2019-ல் நம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு ஆற்காடு, வாலாஜா ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போய்விட்டன. சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு வேலையிலிருந்து அரை நாள் பர்மிஷனில் போய் வருவதும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் முழு நாள் லீவு போடுவதும் ஒன்றில்லை.

## அதே வீட்டில் இருப்பது

நிறையப் பேர் "வீடு மாமனார் பேர்ல இருக்கு, எனக்கு என்ன உரிமை" என்று நினைத்துக்கொண்டு மறுநாளே பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அது சேர்ந்து வாழ்ந்த வீடாக இருக்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கணவர் வேறு இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும் அல்லது வாடகை தர வேண்டும் என்று உத்தரவு கேட்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. இந்தச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது.

இன்னொரு பயம்: ஒரே வீட்டில் இருந்தால் பரஸ்பர சம்மத விவாகரத்து கிடைக்காதோ என்று. அதற்கு ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பது சரிதான், ஆனால் பிரிந்து வாழ்வது என்றால் கணவன் மனைவியாக வாழாமல் இருப்பது, ஒரே கூரையின் கீழும் அப்படி இருக்கலாம் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது.

கைக்காசு போகாது, பிள்ளைக்குப் பள்ளி மாறாது, இதெல்லாம் நன்மை. ஆனால் மறைந்திருக்கும் செலவு உடம்பிலும் மனசிலும்தான் வரும். சமையலறைக்கு யார் எப்போது போவது என்பதுகூட ஒரு சண்டையாகும் வீட்டில் ஒரு குழந்தை எப்படிப் படிக்கும் என்று யோசியுங்கள். இந்த உரிமை தங்குவதற்கு மட்டும்தான், வீட்டில் பங்கு கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. தீர்ப்பு வந்த பிறகும் இது தொடரும் என்று நம்பி இருக்கவும் முடியாது.

யாருக்குச் சரி: வீடு உங்கள் பெயரிலோ கூட்டாகவோ இருந்தால், அவர் வெளியூரில் வேலையில் இருந்தால், பிள்ளை பத்தாவதோ பன்னிரண்டாவதோ எழுதப் போகிற வருஷமாக இருந்தால்.

## அம்மா வீடு

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான், நானும் அப்படித்தான் போனேன். அதில் வருத்தமில்லை. அந்த ஐந்து மாதம் இல்லாவிட்டால் நான் எழுந்து நின்றிருக்க மாட்டேன். காலையில் அம்மா வைக்கும் கேழ்வரகுக் கூழும், மகளுக்கு யாரோ தலைவாரிவிடுவார்கள் என்ற நிம்மதியும் எந்தப் பணத்துக்கும் கிடைக்காது.

ஆனால் இலவசம் என்று நினைத்து அங்கே கணக்குப் போடாமல் இருந்ததுதான் நான் செய்த தப்பு. குடியாத்தத்திலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், திரும்ப அதே. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், புறநகர் பஸ்ஸில் காசு. மாதம் 2,500 ரூபாய்க்கு மேல் போக்குவரத்துக்கே போனது. அம்மாவுக்கு மளிகைக்கு 5,000 கொடுத்தேன், அண்ணன் பிள்ளைகளுக்கு வாங்காமல் மகளுக்கு மட்டும் எதையும் வாங்க முடியாது, அதையும் சேர்த்தால் 9,000 வந்துவிடுகிறது. அந்தப் பணத்துக்குத் தொரப்பாடியில் வீடே கிடைத்தது.

வைகாசி பிறந்ததும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. உறவெல்லாம் வீட்டில். சித்தி ஒருவர் நடுக்கூடத்தில் உட்கார்ந்து, மகள் காதில் விழும்படி, "இன்னாம்மா, இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்துப் போயிருக்கலாமில்ல" என்றார். மகள் கையிலிருந்த கொழுக்கட்டையை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்து மொட்டை மாடிக்குப் போனாள். அன்று இரவு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாளே நான் வீடு தேட ஆரம்பித்துவிட்டேன்.

முகவரி விஷயத்தில் இங்கே ஒரு சிக்கல். அம்மா அட்டையில் உங்கள் பெயரைச் சேர்த்தால் குடும்பத் தலைவி அம்மாதான். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஓர் அட்டைக்கு ஒருவருக்குத்தான். தனி அட்டைக்குத் தனிச் சமையல் காட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. தங்க இடம் கொடுத்த வீட்டில், நன்றிக்கடன் என்ற பெயரில், "சும்மா ஒரு கையெழுத்து" என்று விடுதலைப் பத்திரத்தை, அதாவது நம் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை, நீட்டுவது நம் பக்கத்தில் நடக்காத விஷயமில்லை. வழக்கு நடக்கும்போது நாம் பலவீனமாக இருப்போம், யார் அன்பாகப் பேசினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். தயவுசெய்து இந்தக் காலத்தில் எந்தச் சொத்துப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், அண்ணன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

யாருக்குச் சரி: கைக்குழந்தை இருப்பவர்களுக்கு, வேலை இன்னும் கிடைக்காதவர்களுக்கு, உடம்பு முடியாதவர்களுக்கு. ஆனால் எப்போது கிளம்புவோம் என்று ஒரு தேதியை மனசில் வைத்துக்கொண்டு போங்கள்.

## தனியாக வாடகை வீடு

நம் ஊரில் வாடகையை இரண்டு விஷயம் தூக்கிவைத்திருக்கிறது. காட்பாடிப் பக்கம் விஐடி மாணவர்கள், டவுனுக்குள் சிஎம்சிக்கு வெளி மாநிலங்களிலிருந்து வரும் நோயாளிகள். ஆஸ்பத்திரியைச் சுற்றி நாள் வாடகைக்கு விட்டே பழகிய வீட்டுக்காரர்கள் மாத வாடகைக்குக் குடும்பத்தை வைக்க யோசிப்பார்கள். அதனால் காந்தி ரோடு, தோட்டப்பாளையம் பக்கம் அலையாமல் தொரப்பாடி, அலமேலுமங்காபுரம், விருபாட்சிபுரம் பக்கம் பாருங்கள். பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் ஓடும் டவுன் பஸ் வழியில் வீடு கிடைத்தால் போக்குவரத்துச் செலவு பூஜ்யம்.

வீடு தேடுவதில் காசைவிடக் கஷ்டமானது அந்தக் கேள்வி. நான் பார்த்த ஐந்தாவது வீட்டில் வீட்டுக்கார அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "வீட்டுக்காரர் எங்க வேலை செய்றாரு?" என்றார். முதல் நாலு வீட்டிலும் வெளிநாட்டில் என்று சொல்லித் தடுமாறினேன். இங்கே சொல்லிவிட்டேன்: "கேஸ் நடக்குதும்மா. நானும் பொண்ணும்தான். மண்டி வீதியில கணக்கு எழுதறேன், சம்பளச் சீட்டு இருக்கு." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சாவியைத் திருப்பி, "தண்ணி மோட்டார் காலைல ஆறு மணிக்குப் போடுவேன், புடிச்சிக்கோ" என்று உள்ளே கூட்டிப்போனார். இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். உண்மையைச் சொன்னால் பாதி வீடு கிடைக்காது, கிடைக்கிற வீட்டில் பயமில்லாமல் இருக்கலாம்.

வாடகை 6,500. அட்வான்ஸ் 40,000 கேட்டார், பேசி 25,000 ஆனது. தமிழ்நாட்டில் 2019-லிருந்து நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். அட்வான்ஸ் குறையாவிட்டாலும் எழுத்து ஒப்பந்தத்தில் விடாப்பிடியாக இருங்கள், அதுதான் உங்கள் முகவரிச் சான்று.

மறைந்திருக்கும் செலவுகளை இங்கேதான் நிறைய பார்த்தேன். கரண்ட் முதலில். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், ஆனால் வீட்டுக்காரர் ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு துணை மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினால் அந்தச் சலுகை உங்களுக்கு வராது. தனி இணைப்பு உள்ள வீட்டுக்கு வாடகை 300 ரூபாய் கூட இருந்தாலும் அதுவே மேல். அப்புறம் தண்ணீர்: காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, கோடையில் போர் வற்றுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு வாடகை குறைவாக இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் அந்த வீட்டில் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தால் ஏன் குறைவு என்று தெரியும்.

சாமான் ஒரேயடியாக வாங்காதீர்கள். நாங்கள் பால் காய்ச்சிய அன்று வீட்டில் இருந்தது ஒரு குக்கர், இரண்டு தட்டு, ஒரு பாய், அம்மா கொடுத்த மிக்ஸி. கேஸ் இணைப்பு, சேர்ந்தாற்போல் மளிகை, ஒரு பீரோ, ஃபேன், மகளுக்கு ஒரு மேஜை எல்லாம் நான்கு மாதத்தில் வந்தது, மொத்தம் 31,000 ஆனது. அட்வான்ஸோடு சேர்த்தால் 56,000. இது கையில் இல்லாமல் தனி வீட்டுக்குப் போனால் முதல் மாதமே கந்துவட்டிக்காரரிடம் நிற்க வேண்டிவரும்.

யாருக்குச் சரி: நிலையான சம்பளம் உள்ளவர்களுக்கு, வாடகை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதபோது, பள்ளிக்குப் போகிற வயதில் பிள்ளை இருந்தால்.

## விடுதி

குழந்தை இல்லாதவர்களுக்கு, அல்லது குழந்தை கொஞ்ச நாள் பாட்டியிடம் இருக்க முடிகிறவர்களுக்கு இது நல்ல வழி. வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதி வேலூரிலும் இருக்கிறது. தனியார் விடுதி என்றால், 2014 சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்ததா என்று பாருங்கள். அட்வான்ஸ் குறைவு, சாமான் வேண்டாம், யாரும் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்பதில்லை.

ரேஷன் அட்டைக்கு விடுதி முகவரி உதவாது. குழந்தை யாரிடம் இருப்பது என்ற பிரச்சனை உங்கள் வழக்கில் இருந்தால், குழந்தையை வேறு இடத்தில் விட்டுவிட்டு விடுதியில் இருப்பதை எதிர்த்தரப்பு எடுத்துப் பேசும். ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அந்தப் பலத்தை நாமே விட்டுவிடக் கூடாது.

## ஒரு பார்வையில்

| | அதே வீடு | அம்மா வீடு | வாடகை வீடு | விடுதி |
|---|---|---|---|---|
| ஆரம்பச் செலவு | இல்லை | மிகக் குறைவு | 50,000–60,000 (என் கணக்கு) | குறைவு |
| மாதச் செலவு | வீட்டுச் செலவில் பங்கு | நினைப்பதைவிட அதிகம் | வாடகை, கரண்ட், தண்ணீர் | கட்டணத்துக்குள் முடியும் |
| பள்ளி, வேலை தூரம் | மாறாது | ஊரைப் பொறுத்தது | நாமே தேர்ந்தெடுக்கலாம் | வேலைக்கு அருகே |
| வழக்கில் | தங்கும் உரிமை கைவிடாமல் நிற்கும் | கோர்ட் மாறலாம் | தனிச் செலவைக் காட்டி ஜீவனாம்சம் கேட்கலாம் | குழந்தை விஷயத்தில் பலவீனம் |
| தனி முகவரி | சிக்கல் | அம்மா பெயரில் | ஒப்பந்தம் இருந்தால் உண்டு | பெரும்பாலும் இல்லை |
| மறைந்த செலவு | நிம்மதி | பயணம், உறவின் பேச்சு, கையெழுத்து | துணை மீட்டர், சாமான் | பிள்ளையின் பிரிவு |

## பணம்: மாதாமாதமா, மொத்தமாகவா

இடம் முடிவானதும் அடுத்த கேள்வி இது. எதிர்த்தரப்பு வக்கீல் ஏதாவது ஒரு தொகையைச் சொல்வார், நாம் சோர்ந்திருக்கும் நேரத்தில் சொல்வார்.

ஓர் உதாரணம் போட்டுப் பாருங்கள். மாதம் 8,000 அல்லது மொத்தமாக 10 லட்சம். 8,000 என்றால் வருஷத்துக்கு 96,000, பத்து வருஷம் கழித்துத்தான் 10 லட்சத்தை எட்டும். அதே 10 லட்சத்தில் 9 லட்சத்தை அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போட்டால் (ஒருவர் பெயரில் அதுதான் உச்சவரம்பு), 7.4 சதவீத வட்டியில் மாதம் 5,550 வரும், முதல் அப்படியே இருக்கும். வரியிலும் வித்தியாசம் உண்டு: மொத்தத் தொகையைப் பொதுவாக வருமானமாகப் பார்ப்பதில்லை, மாதத் தொகையை வருமானமாகப் பார்க்கிறார்கள்.

மாதப் பணத்தின் பலம், நிலைமை மாறினால் கூட்டிக் கேட்கலாம். பலவீனம், நின்றுவிட்டால் மறுபடி கோர்ட். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில், அதாவது 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 144-வது பிரிவில், ஜீவனாம்சம் வாங்குகிறவர்கள் பாக்கியை ஒரு வருஷத்துக்குள் கேட்டு மனு போட வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டு வழியாக வசூலிக்கும் கதவு அடைபடும். அரசு ஊழியர், ரயில்வே போன்ற நிலையான சம்பளக்காரர் என்றால் மாதப் பணத்தை நம்பலாம். சொந்தத் தொழில், கமிஷன் வியாபாரம், வெளிநாடு என்றால் மொத்தமாக வாங்குவதே நல்லது என்பேன், தொகை கொஞ்சம் குறைந்தாலும். பரஸ்பர சம்மத மனுவில் பாதியை முதல் கையெழுத்தின்போதும் மீதியைக் கடைசிக் கையெழுத்தின்போதும் டிமாண்டு டிராஃப்ட்டாக வாங்குங்கள். பிள்ளையின் பணத்தை உங்கள் பணத்தோடு சேர்த்து எழுதவிடாதீர்கள், அது பிள்ளையின் உரிமை.

இடைக்கால மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மனு போட்ட தேதியிலிருந்து ஜீவனாம்சம் கணக்கிடப்படும், இரண்டு பேரும் சொத்து, கடன், வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். பெருந்தன்மையாக ஆறு மாதம் காத்திருந்தால் அந்த ஆறு மாதம் போனது போனதுதான்.

## நகை: விற்பதா, அடகா

என் அட்வான்ஸும் சாமானும் இரண்டு ஜோடி வளையலில் வந்தவை. ஒரு வங்கியில் வளையலைக் கொடுத்தேன், மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, மேலே ஒரு சொட்டு அமிலம் விட்டு, எடை போட்டு, கல் இருக்கிற இடத்தைக் கழித்து எழுதினார். பாட்டி போட்ட வளையல் அது. ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சீல் வைத்தபோது நெஞ்சு அடைத்தது. ஆனால் இரண்டு வருஷத்தில் மீட்டுவிட்டேன், விற்றிருந்தால் போயிருக்கும்.

1 லட்சம் ரூபாய்க்கு வங்கியில் ஆண்டுக்கு 9, 10 சதவீதம் என்றால் வட்டி 10,000 ரூபாய்க்குள். அடகுக் கடையில் மாதம் நூற்றுக்கு இரண்டு என்றால் அதே லட்சத்துக்கு 24,000. காகித வேலைக்குச் சோம்பல்பட்டு அடகுக் கடைக்குப் போவதன் விலை 14,000 ரூபாய். ஒன்றரை வருஷத்துக்குள் மீட்க வழியே இல்லை என்று தெரிந்தால் மட்டும் விற்றுவிடுங்கள், அதிலும் உடைந்தது, ஒற்றைக் கம்மல், கல் இல்லாதது முதலில் போகட்டும்.

கணவர் வீட்டில் மாட்டிக்கொண்ட நகையும் சீதனமும் உங்கள் சொத்துதான், அதில் அவருக்குப் பங்கில்லை. கல்யாண ஆல்பத்திலிருந்து ஒவ்வொரு நகையாகப் பார்த்துப் பட்டியல் எழுதுங்கள், பழைய ரசீதுகளைத் தேடுங்கள்.

## கடனில் வாங்கிய கூட்டு வீடு

வங்கிக்கு உங்கள் விவாகரத்து ஒரு பொருட்டே இல்லை. இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட கடன், அவர் கட்டுகிறேன் என்று கோர்ட்டில் சொன்னாலும், தவணை தவறினால், அடுத்த கடனுக்கு வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் விழும். வீடு யாருக்குப் போகிறதோ அவர் பெயருக்குக் கடனை மாற்றி, உங்கள் பெயரை நீக்கியதற்கு வங்கியிடம் எழுத்தில் வாங்காமல் கடைசிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பத்திரத்தை எப்போது எழுதுவது என்பதில் பெரிய பணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் தானசெட்டில்மென்ட் (விலை பேசாமல் எழுதிக்கொடுப்பது), விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. கிரயமாக எழுதினால் 7 சதவீதமும் 2 சதவீதமும். 30 லட்ச ரூபாய் வீட்டுக்கு ஒன்று அதிகபட்சம் 40,000, மற்றது 2,70,000. தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் கணவன் மனைவி இல்லை, குடும்பம் என்ற சலுகையைக் கேட்பது சிரமம். அதனால் வீடு கைமாறுவதாக இருந்தால் தீர்ப்புக்கு முன்பே எழுதிப் பதிவு செய்வதைப் பற்றி வக்கீலிடம் பேசுங்கள். ஆனால் பணமோ பதிலுக்கு வர வேண்டியதோ கைக்கு வராமல் நீங்கள் மட்டும் முதலில் எழுதிக்கொடுத்துவிடாதீர்கள்.

## இந்த வாரமே செய்ய வேண்டியவை

வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்கிறவர்களுக்கு: 1987 சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள், யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. கிறிஸ்தவர், முஸ்லிம்களுக்கு விவாகரத்துச் சட்டம் வேறு, அதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கிச் சம்பளத்தை அதற்கு மாற்றுங்கள். பிஎஃப், இன்சூரன்ஸ் இரண்டிலும் வாரிசுதாரர் யார் என்று பாருங்கள், விவாகரத்து ஆனதால் அது தானாக மாறாது. அவர் அலுவலக மருத்துவக் காப்பீட்டில் நீங்களும் பிள்ளையும் இருந்தால் எந்தத் தேதிவரை என்று கேட்டு வையுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்புவதாக இருந்தால் ஒரு துணிப்பையில் ஆதார், படிப்புச் சான்றிதழ்கள், கல்யாணப் பத்திரிகையும் ஒரு போட்டோவும், பாஸ் புத்தகங்கள், அவருடைய சம்பளச் சீட்டு நகல் ஒன்று, சொத்துப் பத்திரத்தின் நகல் எல்லாம் எடுத்து வையுங்கள். எனக்கு விட்டுப்போனது மகளின் பிறப்புச் சான்றிதழ். அந்த ஒரு தாளுக்காக இரண்டு நாள் லீவு போட்டேன், அந்த மாதம் இரண்டு நாள் சம்பளம் 1,260 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.